நல்ல தண்ணீர் நாற்றுக்கு

பல்லடத்து வீடுகளில் பெரும்பாலும் இரண்டு விதமான ஜலம் வருகிறது. வாசல் குழாயில் வருவது, பவானி ஆற்றிலிருந்து நெடுந்தூரம் கடந்து சில நாட்களுக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும் குடிநீர்; அதை வீட்டார் 'நல்ல தண்ணீர்' என்று மதித்துக் குடங்களிலும் தொட்டியிலும் பிடித்து வைப்பார்கள். வீட்டின் பின்புறமான பொடக்காலிக் குழாயில் வருவது, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் ஏற்றித் தரும் உப்புத் தண்ணீர்; அது துவைக்கவும் கழுவவும் ஆகும், ஆனால் அதில் பருப்பு வேகாது. காய்கறித் தோட்டம் போட முனைகிற குடும்பம், செடிக்குத்தானே என்று பொடக்காலிக் குழாயைத் திறந்துவிடுவதும், நல்ல தண்ணீரில் ஒரு செம்பையும் மண்ணில் ஊற்ற மனம் ஒப்பாமல் இருப்பதும், தண்ணீரின் அருமை தெரிந்த இந்தப் பிரதேசத்தில் இயல்பான காரியங்களே. ஆயினும் இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்புவது அதற்கு நேர்மாறான ஒரு முறையை: தென்னைக்கும் வளர்ந்த செடிகளுக்கும் உப்புத் தண்ணீர் போகட்டும்; விதை ஊறத் தொடங்கும் நாள் முதல், நாற்று நடப்பட்டு வேர் பிடிக்கும் நாள் வரையில் உள்ள அந்த ஒன்றரை மாத காலத்துக்கு மட்டும், வீட்டிலுள்ள நல்ல தண்ணீரில் ஒரு சிறு பங்கு செடிக்கு உரியது என்று ஒதுக்கி வையுங்கள்.

சிறு பங்கு என்றால் எவ்வளவு என்று இல்லத்தரசிகள் கேட்பார்கள், கேட்பது நியாயமே. உடுமலை, பல்லடம் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் இப்போது வழங்கும் குழித்தட்டில் 98 குழிகள் உண்டு. அதை நிரப்ப ஏறக்குறைய 1.2 கிலோ தென்னை நார்க்கழிவு செல்லும். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகள் அனைத்தையும் அந்த ஒரே தட்டில் எழுப்பிவிடலாம். அண்டை வீட்டாருக்குக் கொடுக்கவும் மிஞ்சும். அத்தட்டு ஒரு நாளைக்குக் கேட்பது, வெயிலையும் காற்றையும் பொறுத்து, அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரையிலான ஜலம். முப்பது நாளைக்குக் கணக்கிட்டாலும் 15 முதல் 30 லிட்டர், அதாவது ஒரு குடம் அல்லது இரண்டு குடம், அவ்வளவுதான். அரிசி கழுவிய நீரைச் செடிக்கு விட்டாலே இதில் ஒரு பகுதி ஈடாகிவிடும் என்றாலும், விதைக்கும் இளநாற்றுக்கும் அதை விடவேண்டாம் என்பேன். அதிலுள்ள மாவு, ஈரமான நார்க்கழிவின் மேல் பூசணம் படரத் துணை செய்கிறது.

குடிநீரைத் தொடவே கூடாது என்று கருதும் வீடுகளுக்கு மழைநீர் இருக்கிறது. 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன் மேல் விழுவது 900 லிட்டருக்கும் அதிகம். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டதால், மாடியிலிருந்து இறங்கும் குழாய் ஏற்கெனவே அநேகமாக எல்லா வீடுகளிலும் இருக்கிறது. தூசியும் பறவை எச்சமும் கலந்த முதல் சில நிமிஷத்து நீரை வெளியே போக விட்டு, பின்னர் வருவதை மூடியுள்ள ஒரு பீப்பாயில் பிடித்து வைத்தால், ஒரு நல்ல மழையின் நீரே ஓர் ஆண்டு நாற்றங்காலுக்குத் தாராளமாகப் போதும். பீப்பாயின் வாயைத் துணியால் இறுகக் கட்டிவைப்பது, கொசுவை முன்னிட்டு, அவசியம்.

உப்பின் இயல்பு

இந்த வட்டாரத்து நீர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையையே காணும் பூமி இது. ஆகவே கொங்கு நாட்டு வேளாண்மை ஆதியிலிருந்தே கிணற்றை நம்பியது. ஆங்கிலேய அதிகாரி நிக்கல்சன் 1887ஆம் ஆண்டில் எழுதிய கோயமுத்தூர் ஜில்லா நூல், இங்குள்ள குடியானவர்கள் கிணறு வெட்டுவதில் கொண்டிருந்த சிரத்தையையும் தோட்டக்கால் விவசாயத்தையும் விரிவாகப் பேசுகிறது. எருதுகள் சரிவில் இறங்க, தோல்பறி மேலேறி வாய்க்காலில் நீரைக் கொட்டும் கவலை என்ற அந்த முறையில், கிணறு ஊறும் அளவுக்கு மேல் ஒருவரும் இறைக்க முடியாது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்தது, பம்புகள் வந்தன, கிணறுகள் ஆழமாயின, பிறகு பாறையைத் துளைத்துக்கொண்டு ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் தாண்டிச் சென்றன. ஆண்டுதோறும் மழையால் புதுப்பிக்கப்படும் மேல்நீர் ஒன்று. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி அங்குள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்ட அடிநீர் வேறொன்று. நம் பாட்டிமார் கிணற்றுத் தண்ணீரையே நாற்றுக்கு விட்டார்களே என்று வாதிப்பவர்கள் இந்த வேற்றுமையை நினைவில் கொள்ளவேண்டும்.

வேரும் விதையும் நீரைத் தம்மிடம் இழுக்கும் சக்தி உடையவை; நீரில் கரைந்த உப்போ அதே நீரைத் தன்னிடம் நிறுத்திவைக்கும் சக்தி உடையது. வளர்ந்த தக்காளிச் செடி, ஒன்றரை அடி ஆழத்துக்கு வேர்விட்டு, உப்புக் குறைந்த மண்ணைத் தேடிப் போய்க்கொள்ளும். முளைத்து மூன்று நாளான நாற்றுக்கு விரற்கடை ஆழமுள்ள வேர் ஒன்றுதான் ஆதாரம். அந்த மேல்மண்ணில்தான், நீர் ஆவியாகப் போய் உப்பு மட்டும் எஞ்சி, நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே வருகிறது. மண் ஈரமாக இருந்தும் விதை முளைக்காமல் கிடப்பதற்கும், முளைத்த நாற்றின் இலைநுனி கருகுவதற்கும், தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்பதற்கும் காரணம் இதுவே.

உங்கள் கிணற்று நீரின் உப்பை அறிய, இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் போதும், குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் பழுதுபார்க்க வருபவரிடமும் அது இருக்கும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் பாசன நீருக்காக வகுத்துள்ள அளவுகளை இந்த மீட்டரின் கணக்குக்கு மாற்றிச் சொன்னால், பீன்ஸ் போன்ற அவரை இனத்துக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 450 மில்லிகிராம் வரையிலும், வெங்காயத்துக்கு 500 வரையிலும், மிளகாய்க்கு 640 வரையிலும், தக்காளிக்கு 1,100 வரையிலும் உப்பு இருந்தால் விளைச்சல் குறையாது. இவை வளரும் பயிரைக் கருதிச் சொன்னவை. இளநாற்றுக்கு இன்னும் சற்றுக் குறைவாகவே வைத்துக்கொள்வது விவேகம். ஆயிரத்தைத் தாண்டும் கிணறுகள் நம் பக்கத்தில் சாதாரணமாகவே இருப்பதால், தக்காளி பிழைத்த அதே வீட்டில் அவரை ஏன் மஞ்சளித்துப் போயிற்று என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் மீட்டரில் கிடைத்துவிடும். 1,500 உள்ள கிணற்று நீரையும் 200 உள்ள நல்ல தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்தால் 850 ஆகும். முழுவதும் நல்ல தண்ணீர் கொடுக்க இயலாதவர்கள் இந்தக் கணக்கைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சுத்திகரிப்பு இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் கழிவுநீரை வீணாக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் நாற்றுக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் அந்த நீரில்தான் சேர்ந்திருக்கிறது. மாறாக, குளிர்சாதன இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் உப்பே இல்லாதது; அதை ஒரு வாளியில் பிடித்து வைத்து நாற்றுக்கு விடலாம்.

உப்பு நீரில் மட்டுமன்றி, நாம் வாங்கும் நார்க்கழிவிலும் இருக்கக்கூடும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டியாக வரும் நார்க்கழிவை முதலில் ஒரு பெரிய தொட்டியில் ஊறவைத்து உதிர்த்து, பழுப்பு நிறமாக இறங்கும் நீரை வடித்துவிட்டு, மீண்டும் இரண்டு முறை அவ்வாறே அலசிய பின்னரே தட்டில் நிரப்பவேண்டும். இந்த அலசலுக்கு உப்புத் தண்ணீரையே பயன்படுத்திக் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் விட்டால், செலவும் குறையும், காரியமும் ஆகும்.

விதை ஊறும் நேரம்

உலர்ந்த விதை நீரைக் கண்டதும் முதலில் உப்புகிறது. அடுத்து, வெளியில் மாறுதல் ஏதும் தெரியாமல், உள்ளே சேர்த்து வைத்திருந்த மாவும் எண்ணெயும் கரைந்து கருவுக்கு ஆகாரமாகும் ஒரு காலம் வருகிறது. மூன்றாவதாகத்தான் முளைவேர் தோலைக் கிழித்துக்கொண்டு வெளிப்படுகிறது. முதல் இரண்டு நிலைகளில் விதை உலர நேர்ந்தாலும் பெரும்பாலும் பாதகமில்லை. விதையை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பிறகு விதைக்கும் வழக்கம் இந்தச் சுபாவத்தை நம்பி ஏற்பட்டதே. ஆனால் முளைவேர் வெளிவந்த பின்னர் ஒரு நண்பகல் நேரம் மண் காய்ந்துபோனாலும் அந்த விதை மீளாது. மேலே நின்று பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாமல், மண்ணுக்குள்ளேயே அது முடிந்துவிடும். விதைத்த மூன்றாம் நாளிலிருந்து முளை தலைகாட்டும் நாள் வரையில்தான் நாம் அதிகக் கவனமாக இருக்கவேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். அநேகர் அந்நாட்களில்தான், இன்னும் ஒன்றும் காணோமே என்று, பாத்தியை மறந்துவிடுகிறார்கள்.

எல்லா விதையையும் ஊறவைக்கவேண்டும் என்பதில்லை. பாகல், புடலை, பீர்க்கு ஆகியவற்றின் தோல் தடித்தது. ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டி வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, முளை கண்டதும் ஊன்றுவது நலம். வெண்டையும் ஓர் இரவு ஊறலாம். கொத்தமல்லியைச் செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து ஊறவைப்பது நம்மவர் அறிந்ததே. அவரை, கொத்தவரை, பீன்ஸ் இவற்றை ஊறவைக்காமல் இருப்பதே மேல். அவசரமாக நீரைக் குடித்து உப்பும்போது அவற்றின் பருப்பு உள்ளேயே வெடித்து, முளை ஊனமாகிறது. ஈரமான மண்ணில் உலர்ந்த விதையை ஊன்றிவிட்டு, முளைக்கும் வரையில் மேலும் அதிகமாக நீர் விடாமல் இருந்தால் அவை தாமாகவே நிதானமாகக் குடித்துக்கொள்ளும். தண்டுக்கீரை, சிறுகீரை விதைகள் பொடியானவை. உலர்ந்தபடியே மணலோடு கலந்து தூவவேண்டும்.

ஊறவைக்கும் ஜலம் விதை மூழ்கும் அளவு இருந்தால் போதும். அளவுக்கு மிஞ்சி நாள் முழுவதும் மூழ்கிக் கிடக்கும் விதைக்கு மூச்சு முட்டுகிறது. விதையும் சுவாசிக்கும் பொருள் என்பதை மறக்கலாகாது. நீர் விடுவதில் நாம் செய்யும் தவறுகளில் பாதி, விதைக்கும் வேருக்கும் காற்று வேண்டும் என்பதை எண்ணாமையால் வருபவையே.

பாத்தியில் விதைப்பவர்களுக்கு

பொடக்காலி மண்ணில் நேராக விதைப்பவர்கள் முதலில் தங்கள் மண்ணை அறிந்துகொள்ளவேண்டும். மண் ஆய்வாளர்கள் கோவை வட்டாரத்து மண்ணை இருகூர், பீளமேடு என்று ஊர்ப்பெயர்களால் வகை பிரித்தபோது, செம்மண் வகை ஒன்றுக்குப் பல்லடத்தின் பெயரையே வைத்தார்கள். சுண்ணாம்புக் கற்கள் கலந்த இந்தச் செம்மண், நீரைச் சீக்கிரம் உள்ளே விடும். அதே சீக்கிரத்தில் காய்ந்தும் போகும். பெரிய துளிகளாக நீர் விழும்போது மேலுள்ள மண்கட்டிகள் உடைந்து, நுண்ணிய களி மிதந்து பரவி, மறுநாள் வெயிலில் ஓடு போல இறுகிவிடும். வெண்டையும் அவரையும் அந்த ஓட்டைத் தலையால் முட்டித் தூக்கிவிடும். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் அவ்வளவு வலிமை இல்லை.

இதற்குப் பரிகாரம், விதைப்பதற்கு முந்தைய மாலையே பாத்தியை ஆழமாக நனைத்து வைப்பது. காலையில் மேல்மண் பொலபொலவென்று ஆனதும் விதையைத் தூவி, விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு கனத்துக்கு மணலையோ சலித்த மட்கு எருவையோ மேலே தூவி மூடுவது. அதன் பிறகு பூவாளியால் மட்டும் நீர் விடுவது. பூவாளியின் முகப்பைக் கீழ்நோக்கி அல்லாமல் மேல்நோக்கித் திருப்பிப் பிடித்தால், நீர் எழும்பி வளைந்து, தூறலாக இறங்கும். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் பூவாளியிலிருந்து பெருந்துளிகள் சொட்டும். ஆகையால் பாத்திக்கு வெளியே தொடங்கி, பாத்தியின் மேல் நகர்த்தி, மீண்டும் வெளியே கொண்டுபோய் நிறுத்தவேண்டும். ஒரே இடத்தில் நின்று குளமாக்காமல், மூன்று நான்கு முறை லேசாகப் போய்வருவது நல்லது. "ஊத்தாத கண்ணு, தெளி" என்று நம் பக்கத்து ஆத்தாமார் சிறுவர்களிடம் சொல்வார்கள்; நீண்ட விளக்கங்களால் சொல்லக்கூடியதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

விதைத்த பாத்தியின் மேல் நனைத்த கோணிச்சாக்கு அல்லது வைக்கோலைப் பரப்பி, அதன் மேலேயே நீர் தெளித்து வந்தால் ஓடு இறுகாது, ஈரமும் நிற்கும். ஆனால் முளை தெரிந்த அன்றே, மாலை வேளையில், அதை எடுத்துவிடவேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நீண்டு, எழ முடியாமல் சாய்ந்துவிடும். கீரை நான்கு ஐந்து நாளில் முளைத்துவிடும். கொத்தமல்லிக்கு எட்டு முதல் பதினைந்து நாள் ஆகலாம்.

குழித்தட்டு

தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றுக்கு என் சிபாரிசு குழித்தட்டே. அலசிய நார்க்கழிவைக் கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியவேண்டும், ஆனால் தாரையாக ஒழுகக்கூடாது. அந்தப் பதத்தில் நிரப்பி, குழிக்கு ஒரு விதை வீதம் அரைச் சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, மேலே கொஞ்சம் நார்க்கழிவைத் தூவவேண்டும். நாற்றுப் பண்ணைகளில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலிதீன் தாளால் மூடி, முளை தோன்றும் வரையில் ஐந்தாறு நாட்கள் வைக்கிறார்கள். வீட்டில் ஒரே தட்டுதான் என்றாலும் இவ்வாறே மூடி, நேர்வெயில் படாத இடத்தில் வைத்தால், முளைக்கும் வரையில் நீர் விடவேண்டிய அவசியமே பெரும்பாலும் இராது. தக்காளி ஐந்து முதல் எட்டு நாளில் முளைக்கும். கத்தரி ஒரு வாரத்துக்கு மேலும், மிளகாய் இரண்டு வாரம் வரையிலும் ஆகக்கூடும். ஆகவே மூன்றையும் ஒரே தட்டில் போடுகிறவர்கள் மிளகாயை ஒரு வாரம் முன்னதாகவே விதைத்து, தக்காளி வரிசைகளைப் பிறகு நிரப்பலாம். அல்லது தட்டைக் கத்தரிக்கோலால் மூன்றாக வெட்டிக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் காலத்தில் மூடியை எடுக்கலாம்.

முளைத்தபின் நீர் விடுவதற்கு நான் விரும்பும் வழி, தட்டை அகலமான ஒரு பேசினில் வைத்து, அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நீர் விட்டு, கால்மணி நேரம் கழித்து எடுத்துவிடுவது. நார்க்கழிவு தனக்கு வேண்டியதைக் கீழிருந்து இழுத்துக்கொள்ளும். நாற்றின் தண்டும் இலையும் நனையா. மேற்பரப்பு நிறம் மாறி ஈரமானது தெரிந்ததும் எடுத்து, சாய்த்து வடியவிடவேண்டும். பேசினிலேயே இரவு முழுதும் விட்டுவைப்பது வேரை மூழ்கடிப்பதாகும். வாரத்துக்கு ஒரு முறை மாத்திரம் மேலிருந்து தாராளமாக நல்ல தண்ணீர் விட்டு அடித்துளை வழியே ஒழுகவிட்டால், மேலே ஏறிச் சேர்ந்திருக்கும் உப்பு கழுவிப் போகும்.

எப்போது விடுவது என்பதைக் கடிகாரத்தைக் கொண்டு நிர்ணயிக்கவேண்டாம். தட்டைக் கையால் தூக்கிப் பாருங்கள். நனைந்த தட்டின் கனமும் காய்ந்த தட்டின் கனமும் சில நாட்களிலேயே கைக்குப் பழகிவிடும். விரலை விட்டுப் பார்ப்பதைவிடவும் இது நம்பத்தக்க பரீட்சை. நார்க்கழிவின் மேல்தோல் வெளுத்துக் காய்ந்ததாகத் தோன்றும், அடியில் போதிய ஈரம் இருக்கும். மேலே பார்த்து ஏமாந்து தினமும் ஊற்றுபவர்களால் அழிந்த நாற்று, நீரின்றி வாடியதைவிட அதிகம் என்றே எண்ணுகிறேன்.

நாற்றழுகல்

மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று, காலையில் தரையோடு ஒட்டிய இடத்தில் நூல்போல் மெலிந்து, நீர் கோத்து, சாய்ந்து கிடக்கும். பிறகு அதைச் சுற்றியுள்ளவை ஒவ்வொன்றாகச் சாயும். பித்தியம் என்னும் பூசண வகையால் வரும் இந்த நோயைத் தோட்டக்காரர்கள் நாற்றழுகல் என்பார்கள். நீர் தேங்கிய மண், நெருக்கமான விதைப்பு, காற்றோட்டமின்மை, இம்மூன்றும் கூடிய இடத்தில் அது தங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் மூடியே இருக்கும் நாட்களில், வழக்கப்படி காலையும் மாலையும் நீர் விட்டுக்கொண்டே இருப்பவர்களின் பாத்தியில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒரு முறை நீர் விட்டதற்கும் மறுமுறை விடுவதற்கும் இடையில் மேற்பரப்பு சற்றே உலர இடங்கொடுப்பதுதான் இதற்குத் தலையாய தடுப்பு. காலையில் நீர் விட்டால் பகலுக்குள் தண்டின் அடி காய்ந்துவிடும். இரவில் ஈரத்தோடு நிற்கும் தண்டைத்தான் பூசணம் தேடுகிறது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து விதைக்கச் சொல்கிறது. வீட்டு அளவுக்கு விதைப் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினால் போதும். நோய் வந்தபின் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றுவது பண்ணைகளின் வழக்கம். ஆனால் வீட்டில், சாய்ந்த நாற்றுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள நார்க்கழிவையும் குழியோடு எடுத்தெறிந்துவிட்டு, தட்டை வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நகர்த்தி, இரண்டு நாள் நீரை நிறுத்திவைப்பதாலேயே பெரும்பாலும் அது அடங்கிவிடும்.

மாதங்களும் காற்றும்

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன அதே பழமொழி மரபுதான், ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றும் எச்சரித்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசிக் கடைசியில் புகும் காற்று ஆவணி வரையில் ஓயாது. பல்லடத்திலிருந்து உடுமலை வரை நிற்கும் காற்றாலைகள் அதற்குச் சாட்சி. இந்தக் காற்றில் மழை குறைவு, மேகம் அதிகம். வெயில் இல்லையே என்று நீரைக் குறைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். சித்திரை வெயிலுக்குச் சற்றும் குறையாமல் இந்தக் காற்று ஈரத்தைக் கொண்டுபோய்விடுகிறது. தட்டின் நான்கு ஓரங்களிலும் உள்ள குழிகள், நடுவிலுள்ளவை ஈரமாக இருக்கும்போதே, காய்ந்துவிடும். தட்டை இரண்டு நாளுக்கு ஒரு முறை திருப்பி வைப்பதும், மேற்குப் பக்கத்தில் தென்னந்தடுக்கு ஒன்றை நட்டு மறைப்பதும், ஓரக் குழிகளுக்கு மட்டும் தனியே கொஞ்சம் நீர் விடுவதும் ஆனி, ஆடியில் செய்யவேண்டியவை. மறைப்பு முழுச் சுவராக இல்லாமல் காற்று கொஞ்சம் கசியும்படி இருப்பது நன்று. சுவரில் மோதிய காற்று மேலேறி மறுபுறம் சுழன்று விழும்.

சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் ஒரு முறையும், தேவைப்பட்டால் வெயில் தாழ்ந்தபின் ஒரு முறையும் விடவேண்டும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயிலும் மாடியில் உள்ள கறுப்புத் தொட்டியிலும் நண்பகலில் இருக்கும் நீர் கையை வைக்க முடியாத உஷ்ணத்தோடு வரும். முதலில் வருவதை வாளியில் பிடித்து ஆறவிடாமல் நாற்றின் மேல் திருப்பிவிடுவது அதைக் கொல்வதாகும். உச்சி வெயிலில் இலைமேல் நிற்கும் நீர்த்துளி கண்ணாடி வில்லை போல வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் 2010இல் இதை ஆராய்ந்து, வழவழப்பான இலைகளில் அவ்விதம் நேர்வதில்லை, இலையைத் தொடாமல் ரோமங்களின் நுனியில் துளி தங்கி நிற்கும் சில செடிகளிலேயே அது சாத்தியம் என்று கண்டார்கள். நம் ஊரில் நண்பகல் நீரால் இலை கருகுவதற்கு, துளி காய்ந்தபின் எஞ்சும் உப்பையே நான் முதலில் சந்தேகிப்பேன். ஆகவே உப்புத் தண்ணீர் விட நேர்ந்தால் எந்த வேளையிலும் இலையில் படாமல் அடியில் விடுங்கள்.

மார்கழி, தையில் பனி இறங்குவதால் நாற்று குறைவாகவே குடிக்கும். இலையில் உள்ள பனி காய்ந்தபின், ஒன்பது மணி அளவில் விடலாம்.

நடவும் உயிர்த்தண்ணீரும்

தக்காளி நாற்று 25 முதல் 30 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்குத் தயாராகும். அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் நீரைப் படிப்படியாகக் குறைத்து, நிழலிலிருந்து வெயிலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கவேண்டும். நண்பகலில் இலை சற்றுத் தொங்கி, மாலையில் தானே நிமிர்ந்தால் குறைத்த அளவு சரி. காலையிலேயே தொங்கியிருந்தால் அது குறைவு, உடனே விடுங்கள். இவ்வாறு பழகிய நாற்று தடித்த தண்டும் கரும்பச்சை இலையுமாக, உயரத்தில் குறைந்திருந்தாலும் உறுதியில் மேம்பட்டு நிற்கும்.

நடுகிற அன்று காலையில் தட்டை நன்றாக நனைத்துவிட்டால், மாலையில் வேர்க்கட்டி உடையாமல் குழியிலிருந்து நழுவி வரும். முதலில் நடவுக்குழியில் ஒரு செம்பு நீரை ஊற்றி, அது மண்ணுக்குள் இறங்கியபின் நாற்றை வைத்து, மண்ணை அணைத்து, மேலும் அரைச் செம்பு நீரைச் சுற்றிலும் விடவேண்டும். வேருக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வெற்றிடம் அப்போதுதான் அடையும். மூன்றாம் நாள் விடுவது உயிர்த்தண்ணீர். தோட்டத்து விவசாயிகள் எத்தனை வேலை இருந்தாலும் அந்த ஒரு தண்ணீரைத் தவறவிடமாட்டார்கள். வேர்க்கட்டியில் இருந்த ஈரம் தீர்ந்து, புதுவேர் இன்னும் சுற்றியுள்ள மண்ணைப் பற்றாத நாள் அது. நாற்றைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் காய்ந்த தென்னை ஓலைத் துண்டுகளையோ கரும்புச் சருகையோ மூடாக்காகப் போட்டு, தண்டைத் தொடாமல் இரண்டு விரற்கடை இடம் விட்டால், உயிர்த்தண்ணீரின் ஈரம் இன்னும் இரண்டு மூன்று நாள் நிற்கும்.

நடவுத் தண்ணீரும் உயிர்த்தண்ணீரும் நல்ல தண்ணீராகவே இருக்கட்டும். இருபது செடிக்கு இரண்டுமாகச் சேர்ந்து மூன்று நான்கு குடம் ஆகும். ஏழாம் நாளில் புதிய இலை ஒன்று விரியத் தொடங்கினால் வேர் பிடித்துவிட்டது என்று அறியலாம். அன்றிலிருந்து உப்புத் தண்ணீரைக் கால் பங்கு கலந்தும், அடுத்த வாரம் பாதியாகக் கலந்தும், மூன்றாம் வாரத்திலிருந்து தக்காளிக்கும் கத்தரிக்கும் கிணற்று நீரை மட்டுமே, ஒரு நாள் விட்டு ஒரு நாள், தண்டின் அருகே அல்லாமல் ஒரு சாண் தள்ளி, ஆழமாக இறங்கும்படி விடலாம். மீட்டர் 1,100க்கு மேல் காட்டும் கிணறாயின் தக்காளிக்கும் கலந்து விடுவதை நிறுத்தவேண்டாம். மிளகாய்க்கும் அவரைக்கும், அவற்றுக்கு மேலே சொன்ன அளவுக்கு உப்பு இறங்கும் வரையில், மழைநீரையோ குடிநீரையோ கலந்தே விட்டு வரவேண்டும். ஐப்பசி மழை வந்து நிலத்தைக் கழுவிச் சென்றபின் அப்படிக் கலப்பதையும் குறைத்துக்கொள்ளலாம்.